சனிக்கிழமை சரக்கும் திங்கள்கிழமை எடையும்: ஜிம்மில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் பல பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் ஜிம்மில் பாதிக் கூட்டம் இருக்காது. திங்கள்கிழமை காலையில் அந்தப் பாதியும் வந்து எடை மெஷினில் ஏறி இறங்கும். இறங்கியதும் கேள்வி ஆரம்பிக்கும். பன்னிரண்டு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறவில்லை. ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது என்று எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரை, கல்லீரல் பற்றிய பதில்களை மட்டும் இங்கே பயிற்சிக்கு வரும் ஒரு டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கினேன். இன்னொன்று, இது குடிப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு "அளவா ஆரம்பிக்கலாம் போல" என்று கிளம்ப வேண்டாம்.

"மாஸ்டர், ஒரு குவாட்டர்ல எத்தனை கலோரிங்க?"

சுமார் 425. அதுவும் தண்ணீர் மட்டும் ஊற்றிக் குடித்தால். கணக்கு எளிது. நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் பொதுவாக ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மி.லி. குவாட்டரில் சுத்த ஆல்கஹால் 77 மி.லி., எடையில் சுமார் 60 கிராம். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. அதாவது ஆல்கஹால் சர்க்கரையைவிட எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிறது.

பாட்டிலில் ஆல்கஹால் சதவீதம் இருக்கும், கலோரி பெரும்பாலும் இருக்காது. நீங்களே போட்டுக்கொள்ளலாம்: மி.லி. அளவைச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 5.5-ஆல் பெருக்குங்கள். கட்டிங், அதாவது குவாட்டரில் பாதி, 210 சொச்சம். ஒரு ஸ்மால், அதாவது 30 மி.லி., 70 கலோரி.

"பீரு, வைன், ஹாட்டு... இதுல எதுங்க கம்மி?"

கிளாஸ் கணக்கில் பார்த்தால் குழப்பம்தான் வரும். 650 மி.லி. பீர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 5 சதவீத பீரில் ஆல்கஹாலுக்கு மட்டும் 180 கலோரி, மிச்சமிருக்கும் மாவுச்சத்துக்கு ஓர் எழுபது எண்பது, மொத்தம் 250 பக்கம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் ஆல்கஹாலே 285-ஐத் தாண்டும், மொத்தம் 350 பக்கம் போகும். 150 மி.லி. வைன் சுமார் 120.

ஆக ஒரு ஸ்ட்ராங் பீர் குவாட்டரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. "நான் பீர் மட்டும்தான்" என்று சொல்பவர் யாரும் ஒரு பாட்டிலோடு எழுந்து நான் பார்த்ததில்லை. இரண்டு ஸ்ட்ராங் என்றால் 700. எது குறைவு என்ற கேள்விக்கு ஒரே பதில், அளவு குறைவாகக் குடிப்பது எதுவோ அதுதான்.

"சரக்குல கொழுப்பும் இல்ல, சர்க்கரையும் இல்ல. அப்புறம் தொப்பை எங்கிருந்து வருது?"

நல்ல கேள்வி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கீழே வரும் பாதிப் பதில்கள் இதை வைத்துத்தான்.

உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும், கொழுப்பைச் சேமிக்கும். ஆல்கஹாலைச் சேமிக்க அதற்கு இடமே கிடையாது. அது விஷம் என்பதால் முதலில் அதை வெளியேற்றியாக வேண்டும். கல்லீரல் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றி, பிறகு அசிட்டேட்டாக மாற்றி, ரத்தத்தில் விடுகிறது. தசைகள் அந்த அசிட்டேட்டை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. அதுவரைக்கும் கொழுப்பை எரிக்கும் வேலை ஓரமாக நிற்கும். கல்யாண மண்டபத்தில் மந்திரி வந்துவிட்டால் பந்தி பரிமாறுவது நின்றுபோகிற மாதிரி.

1999-ல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். 24 கிராம் ஆல்கஹால் கொடுத்தார்கள், நம் கணக்கில் இரண்டு ஸ்மாலுக்குச் சற்று மேல். அதில் 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கொழுப்பாக மாறியது. ஆனால் அடுத்த சில மணி நேரத்துக்கு உடம்பு கொழுப்பை எரிப்பது 73 சதவீதம் குறைந்துவிட்டது. சரக்கு நேராகத் தொப்பையாவது இல்லை. அதோடு உள்ளே போன சிக்கனும் பரோட்டாவும் எரியாமல் நிற்கின்றன, அவைதான் தொப்பைக்குப் போகின்றன.

"பீர்த் தொப்பைன்னு தனியா ஒண்ணு இருக்குதுங்களா?"

இல்லை. ரம் குடிப்பவருக்கும் அதே தொப்பைதான். ஆண்களுக்குக் கூடுதல் கொழுப்பு முதலில் வயிற்றில்தான் தங்கும். அதில் ஒரு பங்கு தோலுக்கு அடியில் இருக்கும், மீதி குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே இருக்கும். அந்த உள்கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது. நம்மூர் ஆட்களுக்கு இது சீக்கிரமே சேரும். அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு எல்லையை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். டேப்பைத் தொப்புளுக்கு மேல் வைத்து அளந்து பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காமல்.

"நான் ஒல்லிங்க. தினம் ஒரு பீர் அடிச்சா உடம்பு ஏறும்ங்கிறாங்களே?"

எடை ஏறும், உடம்பு ஏறாது. கை கால் அப்படியே இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். உடம்பு ஏற வேண்டுமென்றால் தசை வேண்டும். தசைக்குப் புரதமும் பளுப் பயிற்சியும் தூக்கமும் வேண்டும், பீரில் மூன்றுமே இல்லை. பச்சை முட்டையை பிராந்தியில் அடித்துக் குடிக்கச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முட்டையை வேகவைத்துச் சாப்பிடுங்கள், வெந்த முட்டையில்தான் புரதம் நன்றாகச் செரிக்கும். பிராந்திக்கு அங்கே வேலை இல்லை.

"கூல்டிரிங்க்ஸ் விட்டுட்டு சோடா ஊத்திக்கிட்டாப் போதுமா?"

கலோரியில் வித்தியாசம் உண்டு. 250 மி.லி. கோலாவில் சுமார் 27 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்கு மேல். சோடாவிலும் தண்ணீரிலும் பூஜ்யம். குவாட்டருக்கு அரை லிட்டர் கோலா ஊற்றுபவர் அதை நிறுத்தினால் இருநூறு கலோரி மிச்சம். வாங்கிக்கொள்ளுங்கள், கெட்டது இல்லை.

சர்க்கரை இல்லாத டயட் கோலா ஊற்றுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை வயிற்றிலிருந்து பானம் இறங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். டயட் பானத்தில் அந்தத் தடை இல்லாததால் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறும். அதே இரண்டு பெக்கில் போதை கூடுதலாக இருக்கும். இடுப்புக்கு நல்லது என்று குடித்துவிட்டு வண்டிச் சாவியைக் கையில் எடுக்க வேண்டாம்.

"சைடிஷ் என்ன எடுத்துக்கலாம் மாஸ்டர்?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் முழித்துக்கொண்டவர்கள், ஏனென்றால் முக்கால்வாசி எடை தட்டிலிருந்துதான் வருகிறது. ஒரு சாதாரண சனிக்கிழமையைக் கூட்டிப் பார்ப்போம். குவாட்டர் 425. கோலா 200. நூறு கிராம் மிக்சர் 500-க்கு மேல். ஒரு தட்டு பள்ளிபாளையம் சிக்கனோ சிக்கன் 65-ஓ, எண்ணெயைப் பொறுத்து 350, 400. முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் சால்னாவோடு மூன்று பரோட்டா, 800-க்குக் குறையாது. மொத்தம் 2,300 பக்கம். அன்றைக்கு ஒழுங்காக வீட்டில் சாப்பிட்டிருந்தால் ராத்திரிச் சாப்பாடு 500, 600 ஆகியிருக்கும். கூடுதலாக உள்ளே போனது 1,700.

குடித்தால் பசி கூடும், உப்பும் காரமும் எண்ணெயும் தேடும். போதும் என்று சொல்லும் புத்தியும் மழுங்கும். எனவே குடிப்பதற்கு முன்னால் முடிவு செய்துகொள்ளுங்கள், உட்கார்ந்த பிறகு முடிவு செய்ய முடியாது. வீட்டிலேயே இரண்டு இட்லியோ சாதமும் முட்டையுமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே வெள்ளரிக்காய், வெங்காயம் போட்ட சுண்டல், அவித்த முட்டை, தோசைக்கல்லில் வாட்டிய சிக்கன். வறுத்த வேர்க்கடலையை "புரோட்டீன்தானே" என்று கையளவு கையளவாக அள்ளாதீர்கள், நூறு கிராமில் 550-க்கு மேல் கலோரி. ஊறுகாய் தொட்டுக்கொள்பவருக்குக் கலோரி குறைவுதான், ஆனால் அந்த உப்பும் காரமும் வெறும் வயிற்றில் என்ன செய்யும் என்று அவர் வயிறே சொல்லும்.

"அப்போ ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டா சமமாயிடும்ல?"

தாளில் சமமாகும். உடம்பில் ஆகாது. வெறும் வயிற்றில் குடித்தால் ஆல்கஹால் வேகமாக ஏறும், இரைப்பை புண்ணாகும், ரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கும். அன்றைக்குக் கிடைக்க வேண்டிய புரதமும் போச்சு. அதுவும் பட்டினி போட்டுக் குடித்தவர் பரோட்டாக் கடையைத் தாண்டி வீட்டுக்குப் போனதாக எனக்குத் தெரிந்து வரலாறு இல்லை.

"வாரத்துல ஒரே நாளுங்க. ஆறு நாள் கரெக்டா இருக்கேன். எடை ஏன் அசையவே மாட்டேங்குது?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் பொய் சொல்வதில்லை. ஆறு நாளும் உண்மையிலேயே ஒழுங்காகத்தான் இருக்கிறார். தினமும் 300 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளைக்கு 1,800. சைடிஷ் கேள்வியில் போட்ட கணக்கைப் பாருங்கள், சனிக்கிழமை கூடுதல் 1,700. முடிந்தது. வாரம் முழுவதும் கட்டிய சுவரை ஒரே ராத்திரியில் பிரித்துப் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் மத்தியானத் தூக்கமும் தனி.

இதில் நல்ல செய்தியும் உண்டு. அந்த 1,700-இல் சரக்கின் பங்கு 425 மட்டும். குவாட்டரைக் கட்டிங்காக்கி, கோலாவையும் பரோட்டாவையும் விட்டாலே கூடுதல் ஐந்நூறுக்குள் அடங்கும், முள் நகர ஆரம்பிக்கும். சரக்கை முழுதாக விட முடியாது என்பவர்களிடம் நான் பரோட்டாவில்தான் பேச்சைத் தொடங்குவேன். அங்கே சண்டை கம்மி.

"அடுத்த நாள் ஒரு மணி நேரம் சேர்த்து ஓடி வேர்வையில வெளியேத்திட்டா?"

வேர்வையில் வெளியேறாது. ஆல்கஹாலில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். மூச்சு, சிறுநீர், வேர்வை எல்லாம் சேர்ந்து மிச்சச் சில்லறை. கல்லீரலின் வேகம் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரை. ஓடினாலும், பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், பிளாக் காபி குடித்தாலும் அந்த வேகம் மாறாது. ஒரு குவாட்டர் முழுதாக அடங்க ஆறிலிருந்து எட்டரை மணி நேரம் ஆகும்.

கலோரியை எரிக்கலாம்தான். 70 கிலோ ஆள் வேகமாக ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 250. குவாட்டருக்கு மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம், மொத்தச் சனிக்கிழமைக்கும் ஏழு மணி நேரத்துக்கு நெருக்கம். திருப்பூரிலிருந்து அவிநாசிக்கு நடந்து போய்த் திரும்பி வந்தாலும் பாக்கி நிற்கும்.

"ஹேங்ஓவரோட ஜிம்முக்கு வரலாமா?"

வந்து நடங்கள், கை காலை நீட்டி மடக்குங்கள். பளு தூக்க நான் விடமாட்டேன். ஆல்கஹால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அமுக்கிவிடும். அதனால்தான் ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறீர்கள். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்து, இதயம் ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஸ்குவாட்டுக்கு எடை ஏற்றினால் தலை சுற்றி விழுவதற்கும் முதுகு பிடிப்பதற்கும் நாமே தேதி குறிக்கிற மாதிரி. நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்தால் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிறையக் குடித்த மறுநாள் இதயத் துடிப்பு சீர்கெடுவது உண்மையிலேயே நடக்கும் விஷயம்.

"காலையில ஒர்க்கவுட், நைட்டு சரக்கு. தசைக்கு என்ன ஆகும்? புரோட்டீன் பவுடர் குடிச்சுட்டா சரியாயிடுமா?"

இதற்கு நேரடியான பதிலே இருக்கிறது. 2014-ல் ஆஸ்திரேலியாவில் உடற்பயிற்சி செய்யும் எட்டு ஆண்களைக் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்து, பிறகு மூன்று விதமாகச் சோதித்தார்கள்: புரோட்டீன் மட்டும், புரோட்டீனோடு ஆல்கஹால், மாவுச்சத்தோடு ஆல்கஹால். புரோட்டீன் மட்டும் குடித்ததோடு ஒப்பிட்டால், ஆல்கஹால் சேர்த்தபோது தசை புதிதாகக் கட்டப்படும் வேகம் 24 சதவீதம் குறைந்தது. புரோட்டீன் இல்லாமல் ஆல்கஹால் குடித்தபோது 37 சதவீதம். அதாவது பவுடர் கொஞ்சம் காப்பாற்றும், முழுசாகக் காப்பாற்றாது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம், 70 கிலோ ஆளுக்கு ஒன்றே முக்கால் குவாட்டர். அது பெரிய அளவு. நியூசிலாந்தில் கிலோவுக்கு அரை கிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பிறகு தசை வலு திரும்புவதில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஒரு கட்டிங்குக்கும் இரண்டு குவாட்டருக்கும் உள்ள வித்தியாசம் தசைக்குத் தெரியும். குடிக்கப் போகும் நாளில் கால் பயிற்சி மாதிரிக் கனமானதை வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த உழைப்பு வீண்.

"எனக்கு ரெண்டு பெக் போட்டாத்தாங்க தூக்கமே வருது."

வருவது மயக்கம். முதல் பாதி ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், கனவு காணும் தூக்கம் அதில் வெட்டுப்படும். ஆல்கஹால் அடங்கியதும் மூன்று மணிக்கு மேல் விழிப்பு, தாகம், புரண்டு படுப்பது. தொண்டைத் தசை தளர்வதால் குறட்டையும் கூடும். குண்டானவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது மோசமாகும்.

எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அரைகுறையாகத் தூங்கிய மறுநாள் பசி கூடும், இனிப்பு தேடும், ஜிம்முக்கு வர மனசு வராது. திங்கள்கிழமை பதினொரு மணிக்குப் பேக்கரியில் நிற்பவருக்கு அங்கே ஏன் நிற்கிறோம் என்று தெரியாது. சனிக்கிழமை ராத்திரி கூட்டிக்கொண்டு வந்து விட்டது.

"மாஸ்டர், நான் ரெட் வைன் மட்டும்தான். அது ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொல்றாங்க. என் ஹஸ்பெண்ட் குடிக்கிற அளவுதான் நானும் குடிக்கிறேன்."

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. முதலாவது, திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை வைத்துக் கிளம்பிய பேச்சு அது. ஒரு கிளாஸ் வைனில் அது இருப்பது மிகச் சொற்பம். கறுப்புத் திராட்சையை அப்படியே சாப்பிடுங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். அதே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும். உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு, பொதுவாக எடையும் குறைவு. கல்லீரல் பாதிப்பும் குறைந்த அளவிலேயே, குறைந்த வருடங்களிலேயே வரும். மார்பகப் புற்றுநோய் அபாயம் கொஞ்ச அளவிலிருந்தே கூடுகிறது. கணவர் அளவு உங்கள் அளவாகாது. கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் பேச்சே இல்லை, நிறுத்திவிடுங்கள்.

"கள்ளு இயற்கைதானுங்களே?"

இயற்கைதான், அரளி விதையும் இயற்கைதான். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை, ஆனாலும் பாலக்காட்டுப் பக்கம் போய்வரும் ஆட்கள் இந்தக் கேள்வியைக் கொண்டுவருவார்கள். சுமார் 5 சதவீதம் என்று வைத்தால் ஒரு லிட்டரில் ஆல்கஹாலே 275 கலோரி, புளிக்காமல் மிச்சமுள்ள சர்க்கரை தனி. சாயங்காலம் ஆக ஆகப் புளித்து ஆல்கஹால் ஏறும். பதநீர் வேறு. பானையில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் புளிக்காது, ஆல்கஹால் இல்லை. ஆனால் சர்க்கரை நிறைய, ஒரு பெரிய டம்ளரில் நூறு கலோரி இருக்கும். எடை குறைப்பவர் அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

"சுகர் மாத்திரை போடறேன். சரக்கு அடிச்சா சுகர் குறையுதுங்க, நல்லதுதானே?"

இல்லை, ஆபத்து. சாப்பாடு இல்லாத நேரத்தில் கல்லீரல்தான் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடும். ஆல்கஹாலைக் கவனிக்கும்போது அந்தத் தயாரிப்பு நின்றுபோகும். கூடவே இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுத்திருந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். ராத்திரி தூக்கத்திலோ மறுநாள் காலையிலோகூட. வேர்வை, நடுக்கம், பேச்சு குழறல், தள்ளாட்டம் எல்லாம் வரும். வாயில் சரக்கு நாற்றம் வேறு. பார்ப்பவர்கள் "மட்டையாயிட்டான், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். நினைவு இருந்தால் உடனே சர்க்கரையோ இனிப்புப் பானமோ கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் நிறையக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கும் அபாயம் உண்டு. டாக்டர் "குடிப்பீங்களா?" என்று கேட்கும்போது "எப்பவாச்சும்" என்று சொல்லாமல் உண்மையான அளவைச் சொல்லுங்கள். அவர் திட்டுவதைவிட மாத்திரையை மாற்றுவதில்தான் அவருக்கு அக்கறை.

"ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் கிரேடு 1-ன்னு வந்திருக்கு. ஒர்க்கவுட் பண்ணினாச் சரியாயிடும்ல?"

பண்ணினாலும் குடித்துக்கொண்டே இருந்தால், வாளியின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைக்கிற கதை. மூன்றாவது கேள்வியில் சொன்ன அதே சங்கதி கல்லீரலுக்குள்ளேயே நடக்கிறது, எரியாத கொழுப்பு அங்கேயே தங்குகிறது. உடல் எடையும் கூடுதல், குடியும் உண்டு என்றால் இரண்டும் சேர்ந்து வேகமாகக் கெடுக்கும். ஆரம்பக் கட்டத்தில் நல்லது என்னவென்றால், முழுதாக நிறுத்திய சில வாரங்களிலேயே கொழுப்பு வடிய ஆரம்பிக்கும். நார்நாராகத் தடித்துத் தழும்பாகிவிட்ட கல்லீரல் அப்படித் திரும்பாது. கிரேடு 1 என்று வந்தவர்களிடம் மட்டும் நான் கட்டிங் கணக்கெல்லாம் பேசுவதில்லை.

"எங்க தெருவுல ஒருத்தர் காலையிலிருந்தே குடிப்பாரு. ஆளு ஈர்க்குச்சி மாதிரிதான் இருக்காரு. அவருக்கு ஏன் எடை ஏறல?"

அவர் சாப்பிடுவதில்லை, அதனால்தான். முக்கால்வாசிக் கலோரி பாட்டிலிலிருந்து வருகிறது, அதில் புரதமும் இல்லை, வைட்டமினும் இல்லை. குடல் சத்தை உறிஞ்சுவதும் கெட்டுவிடும், முக்கியமாக பி1 வைட்டமின். நாள்பட்டக் குடிப்பவர்களின் கல்லீரல் ஆல்கஹாலை எரிக்க இன்னொரு வழியையும் திறந்துகொள்ளும். அந்த வழியில் கலோரியின் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. கூடவே தசை கரையும். நீங்கள் பார்க்கும் ஒல்லி, கொழுப்பு குறைந்த ஒல்லி இல்லை, தசை போன ஒல்லி.

கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை மாதிரி இறுக்கமாகப் பெருத்தால் அதைத் தொப்பை என்று நினைக்காதீர்கள். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோர்ப்பதாக இருக்கலாம், நம் பெரியவர்கள் மகோதரம் என்பார்கள். கண் மஞ்சளாகிறதா, கால் வீங்குகிறதா என்று பார்த்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"சரக்கை விட்டு ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு கிலோதான் குறைஞ்சது. வேஸ்ட்டுங்களா?"

என்ன வேஸ்ட்? இரண்டு கிலோ நல்ல வேகம். சிலருக்கு அதுவும் குறையாது. விசாரித்தால் சாயங்காலம் கை சும்மா இருக்க முடியாமல் டீயும் பன்னும், ராத்திரி ஐஸ்கிரீமும் புகுந்திருக்கும். குடியை விட்டவர்களுக்கு இனிப்பு ஆசை வருவது சகஜம், முதல் மாதம் அதற்காக நான் யாரையும் திட்டுவதில்லை. எடையை மட்டும் பார்க்காதீர்கள். இடுப்பை அளங்கள், காலையில் நாடித் துடிப்பை எண்ணுங்கள், டம்பெல் எடை கூடியிருக்கிறதா பாருங்கள், ரத்தப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு என்ன ஆயிற்று பாருங்கள். முள்ளுக்கு முன்னால் இவைதான் நகரும்.

"என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பாருங்க. உங்க பேச்சைக் கேட்டு நாளையிலிருந்து விட்டுடறேன்னு சொல்றாரு. விடச் சொல்லட்டுமா?"

ஓர் அக்கா கேட்டது. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்தாகலாம். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வேர்வை, பதற்றம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததைப் பார்ப்பது, உளறுவது, புத்தி பேதலிப்பது வந்தால் அது உயிருக்கே ஆபத்து. காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கிறது என்கிற நிலையில் இருப்பவர் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து கொடுத்துப் பக்குவமாக நிறுத்துவார்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஜிம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஃபீஸ் எங்கேயும் போகாது.

"சரிங்க, எவ்வளவு குடிச்சா ஒண்ணும் ஆகாது? ஒரு நம்பர் சொல்லுங்க."

நம்பர் இல்லை. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியலில் மது 1988-லேயே முதல் வகையில் ஏறிவிட்டது. எடை என்ற ஒன்றை மட்டும் கேட்டால், வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு கட்டிங்குக்குள், வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் கனமான பயிற்சி இல்லாமல் என்றால் உங்கள் முள்ளை அது பெரிதாகத் தடுக்காது. இது எடைக்கான பதில் மட்டும். கல்லீரலிடம் போய் "மாஸ்டர் சொன்னார்" என்று சொல்லாதீர்கள்.

"நீங்க குடிப்பீங்களா மாஸ்டர்?"

குடித்தேன். நானும் சனிக்கிழமை ஆள்தான். சொல்லிக்கொடுக்கிறவனுக்கே பேன்ட் 36-ஐத் தாண்டியபோது, மேலே இருக்கும் சைடிஷ் கணக்கை முதலில் எனக்குத்தான் போட்டுப் பார்த்தேன். முதல் வருடம் பரோட்டாவை விட்டேன், அடுத்த வருடம் மிச்சத்தையும். கூட்டாளிகள் இன்னும் கூப்பிடுகிறார்கள், போய் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருவேன். பில்லை மட்டும் இன்னும் சமமாகத்தான் பிரிக்கிறார்கள்.